ஊருக்கே ஒரு குளிரூட்டி: குளிரைக் குழாயில் அனுப்பும் திட்டங்கள் நமக்கு என்ன தரும்?

சிராங்கூன் சாலைக் கடைவீடுகளின் பின்சந்துகளில் மாலை நேரத்தில் நடப்பவர்களுக்கு ஓர் அனுபவம் பழகிப்போயிருக்கும். வெயில் தாழ்ந்திருக்கும், ஆனாலும் முகத்தில் அனல் அடிக்கும். சுவர் நெடுகப் பொருத்தப்பட்டிருக்கும் ஏர்கான் இயந்திரங்களின் வெளிப்பெட்டிகளிலிருந்து வரும் காற்று அது. முன்பக்கத்தில் உணவகமும் துணிக்கடையும் குளிர்ந்திருக்க, அங்கிருந்து எடுக்கப்பட்ட வெப்பம் பின்பக்கத்தில் கொட்டப்படுகிறது.

வீவக அடுக்குமாடிகளிலும் இதே கதைதான். இரவு பத்து மணிக்கு மேல் ஒரு புளோக்கில் நூறு வீடுகள் படுக்கையறைக் குளிரூட்டியைப் போட்டால், நூறு வெளிப்பெட்டிகள் வெப்பத்தை வெளியே தள்ளுகின்றன. குளிரூட்டி இல்லாத வீட்டின் சன்னலைத் திறந்தால் உள்ளே வருவது அந்தக் காற்றுதான்.

வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை தனித்தனியாகக் குளிரூட்டுவதை விட்டு, ஒரு வட்டாரத்துக்கே பொதுவாகக் குளிரூட்ட முடியுமா? தண்ணீரும் மின்சாரமும் வருவதுபோல் குளிரும் குழாயில் வருமா? சிங்கப்பூரில் இது மரினா பேயில் பல ஆண்டுகளாக நடக்கிறது. இப்போது தெம்பனிசிலும் தெங்காவிலும் மக்கள் வாழும் இடங்களுக்கு நெருங்கி வந்துவிட்டது.

வெப்பம் எங்கே போகிறது?

குளிரூட்டி செய்யும் வேலை ஒன்றுதான்: அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுவது. அதற்கு மின்சாரம் தேவை. வீட்டில் பயன்படுத்தும் சாதாரண குளிரூட்டி, ஒரு பங்கு மின்சாரத்தைக் கொண்டு ஏறத்தாழ மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்றும் என்று வைத்துக்கொள்வோம். அந்த மின்சாரமும் இறுதியில் வெப்பமாகவே மாறும். ஆக, வெளியே போவது நான்கு பங்கு. அறை குளிர்ந்த அளவைவிடத் தெரு சூடான அளவு அதிகம்.

பெரிய குளிரூட்டு ஆலைகள் இந்தக் கணக்கை மாற்றுகின்றன. அங்குள்ள பெரிய இயந்திரங்கள் அதே ஒரு பங்கு மின்சாரத்தில் ஐந்து பங்கு வரை வெப்பத்தை அகற்றக்கூடியவை. வெளியே தள்ள வேண்டிய வெப்பத்தையும் அவை பெரும்பாலும் குளிர்விப்புக் கோபுரங்களில் தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றுகின்றன. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே தத்துவத்தில்தான். இந்த முறையில் தண்ணீர் செலவாகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இன்னொரு சாதகம், எல்லாரும் ஒரே நேரத்தில் உச்ச அளவில் பயன்படுத்துவதில்லை என்பது. அலுவலகங்களுக்குப் பகலில் குளிர் தேவை. ஹோட்டல்களுக்கும் வீடுகளுக்கும் இரவில் தேவை. ஒவ்வொரு கட்டடமும் தன் உச்சத் தேவைக்கேற்பத் தனி இயந்திரம் வாங்கினால், நாளின் பெரும்பகுதியில் அதில் பாதி சும்மா நிற்கும். பத்துக் கட்டடங்கள் சேர்ந்து ஓர் ஆலையைப் பகிர்ந்துகொண்டால் மொத்தத்தில் குறைவான இயந்திரங்களே போதும்.

குளிர்பதன வாயுவையும் மறந்துவிடக் கூடாது. பழைய வீட்டுக் குளிரூட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-410ஏ என்ற வாயு கசிந்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் 2,000 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். இந்த அளவுக்குச் சூடாக்கும் வாயுவைக் கொண்ட புதிய வீட்டுக் குளிரூட்டிகளின் விநியோகத்துக்கு சிங்கப்பூரில் 2022 அக்டோபர் 1 முதல் தடை உள்ளது. ஆயினும் பழைய பெட்டிகள் இன்னும் ஆயிரக்கணக்கான சுவர்களில் இயங்கிக்கொண்டிருக்கின்றன.

குளிர்நாடுகளில் சூடு, இங்கே குளிர்

இந்தச் சிந்தனை புதிதன்று. குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க வேண்டிய ஐரோப்பிய நாடுகள் இதைத் தலைகீழாகச் செய்துவருகின்றன. ஓர் ஆலையில் தண்ணீரைச் சூடாக்கி, நிலத்தடிக் குழாய்கள் மூலம் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். டென்மார்க் 1979ல் வெப்ப விநியோகத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு வீடுகளுக்கு இப்படித்தான் சூடு வருகிறது.

ஜெர்மனியில் 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டம், ஒவ்வோர் ஊரும் தனக்கான வெப்பத் திட்டத்தை வகுக்க வேண்டும் என்கிறது. 100,000க்கும் அதிகமானோர் வாழும் நகரங்களுக்கு 2026 ஜூன் 30 வரையும், சிறிய ஊர்களுக்கு 2028 ஜூன் 30 வரையும் கெடு விதிக்கப்பட்டது. எந்தத் தெருவுக்குப் பொதுக் குழாய் வரும், எந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு தனி ஏற்பாடு தேவைப்படும் என்பதை மக்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது அதன் நோக்கம். அப்போதுதான் பழைய கொதிகலன் பழுதாகும்போது என்ன வாங்குவது என்று ஒரு குடும்பம் சரியாக முடிவெடுக்க முடியும்.

சிங்கப்பூருக்குச் சூடு வேண்டாம், குளிர்தான் வேண்டும். ஆனால் திட்டமிடும் கேள்வி அதேதான்.

மரினா பேயின் நிலத்தடி ஆலை

சிங்கப்பூர் இதற்கான சட்டத்தை 2001லேயே இயற்றியது. மரினா பே வட்டாரத்தில் 2006ல் குளிர்நீர் விநியோகம் தொடங்கியது. எஸ்பி குழுமம் நடத்தும் இந்தக் கட்டமைப்பின் ஆலை நிலத்தடியில் இயங்குகிறது. அங்கு தண்ணீர் ஏறத்தாழ 5, 6 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விக்கப்பட்டு, குழாய்களின் வழியே வானளாவிய கட்டடங்களுக்குப் போகிறது. கட்டடத்தின் வெப்பத்தை ஏற்றுக்கொண்டு சற்றுச் சூடாகித் திரும்பி வருகிறது. மீண்டும் குளிர்விக்கப்படுகிறது. அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது.

தனித்தனி இயந்திரங்களுடன் ஒப்பிட்டால் குளிரூட்டுவதற்கான மின்சாரத்தில் 40 விழுக்காடு வரை மிச்சமாவதாக எஸ்பி குழுமம் கூறுகிறது. கட்டடங்களின் கூரையில் பெரிய இயந்திரங்கள் வைக்கும் தேவையும் குறைகிறது. அந்த இடத்தைத் தோட்டத்துக்கோ வேறு பயன்பாட்டுக்கோ விட்டுவிடலாம்.

மரினா பேயில் இது நிறைவேறியதற்கு முக்கியக் காரணம் அது புதிதாக உருவாக்கப்பட்ட வட்டாரம் என்பது. மின்கம்பி, தொலைத்தொடர்புக் கம்பி, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றுக்கான பொதுச் சுரங்கம் அங்கு ஆரம்பத்திலேயே கட்டப்பட்டது. குளிர்நீர்க் குழாய்களும் அதற்குள்ளேயே போகின்றன. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் கண்காணிப்பும் உண்டு. கடைசியில் சேர்த்த வசதியாக இல்லாமல், முதல் வரைபடத்திலேயே அது இடம்பிடித்தது.

பழைய நகருக்குள் நுழைந்த குழாய்

ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்ட நகர மையத்தில் இது சாத்தியமா என்பதைத் தெம்பனிஸ் சோதித்துப் பார்க்கிறது. எஸ்பி குழுமமும் தெமாசெக்கும் அங்குள்ள 14 கட்டடங்களை ஆராய்ந்து 2021ல் முடிவுகளை வெளியிட்டன. பின்னர் ஏழு கட்டடங்கள் சேர முன்வந்தன. தெம்பனிஸ் மால், தெம்பனிஸ் 1, செஞ்சுரி ஸ்குவேர், அவர் தெம்பனிஸ் ஹப் ஆகியவை அவற்றில் சில. 2025ல் விநியோகத்தைத் தொடங்குவது திட்டமாக இருந்தது.

இங்கே புதிய ஆலைக்கு இடம் தேட வேண்டியதில்லை. கட்டடங்களில் ஏற்கெனவே இருக்கும் குளிரூட்டு இயந்திரங்களில் நல்ல நிலையில் உள்ளவற்றைக் கொண்டே அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்கும் குளிர்நீர் அனுப்பப்படும். ஒரு வீட்டுக் கிணற்றைத் தெருவே பகிர்ந்துகொள்வதுபோல. ஆண்டுக்கு 2.8 மில்லியன் கிலோவாட் மணிக்கும் அதிகமான மின்சாரம் மிச்சமாகும் என்று மதிப்பிடப்பட்டது. இது 900க்கும் மேற்பட்ட மூவறை வீவக வீடுகளின் ஓராண்டுப் பயன்பாட்டுக்குச் சமம்.

பதினான்கில் பாதிதான் முதலில் சேர்ந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. அண்மையில்தான் புதிய இயந்திரம் வாங்கிய கட்டடத்துக்கு அதைக் கைவிட்டு வேறு ஏற்பாட்டில் இணைவதால் உடனடி லாபம் இருக்காது. பழைய வட்டாரத்தில் தொழில்நுட்பத்தைக் காட்டிலும், பல உரிமையாளர்களின் கணக்குகளை ஒரே நேரத்தில் ஒத்துப்போகச் செய்வதுதான் கடினம்.

தெங்கா: வீட்டு வாசல்வரை வந்த குளிர்

தெங்காவின் கதை கடைத்தொகுதிகளைப் பற்றியதன்று, குடும்பங்களைப் பற்றியது. ஏறத்தாழ 42,000 வீடுகளுக்குத் திட்டமிடப்பட்ட இந்தப் புதிய நகர், மத்திய குளிரூட்டும் முறை கொண்ட முதல் வீவக நகராக அறிவிக்கப்பட்டது. ஆலை நிலத்தடியில் இல்லை. குளிரூட்டு இயந்திரங்கள் புளோக்கின் கூரைமேல் இருக்கும். அங்கிருந்து குளிர்நீர் குழாய்களில் இறங்கி, சந்தா செலுத்த ஒப்புக்கொண்ட வீடுகளுக்குப் போகும். அந்த வீடுகளுக்குத் தனி வெளிப்பெட்டி தேவையில்லை.

வெப்பத்துக்கும் தெங்காவுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. சிங்கப்பூரில் பதிவான ஆக அதிகமான வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். 1983 ஏப்ரல் 17ஆம் தேதி அது பதிவானது தெங்காவில்தான். அந்தச் சாதனையை 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோ சமன்செய்தது.

இயந்திரத்தின் ஆயுட்காலம் முழுவதையும் கணக்கிட்டால் செலவு 30 விழுக்காடு வரை குறையும் என்று தெங்கா திட்டம் அறிமுகமானபோது கூறப்பட்டது. பல குடும்பங்கள் வீட்டுச் சாவியைப் பெறுவதற்கு முன்பே கையெழுத்திட்டன. ஆனால் 2023ல் முதல் குடும்பங்கள் குடியேறத் தொடங்கியபோது குறைகள் எழுந்தன. வீட்டுக்குள் வரும் குழாய்களை மறைக்கும் பெட்டிகள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக, கண்ணை உறுத்தும்படி இருப்பதாகச் சிலர் கூறினர். பொருத்தும் பணி தாமதமாவதாக வேறு சிலர் கூறினர். கட்டணமின்றி ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள எஸ்பி குழுமம் வாய்ப்பளித்தது. பிற்பாடு, குழாய்களில் நீர்த்துளி படிந்து சொட்டுவது குறித்தும் சில வீடுகளிலிருந்து புகார்கள் வந்தன.

நீர்த்துளி படிவதற்குக் காரணம் எளிமையானது. ஐஸ் போட்ட குவளையின் வெளிப்புறம் ஏன் வியர்க்கிறதோ, அதே காரணம்தான். நம் ஊரின் ஈரக்காற்று குளிர்ந்த குழாயைத் தொட்டால் நீராகிவிடும். குழாயைச் சுற்றிய காப்புறையில் சிறு இடைவெளி இருந்தாலும் போதும். அலுவலகக் கட்டடத்தில் இதைப் பராமரிப்பு ஊழியர் பார்த்துக்கொள்வார். வீட்டில், புதிதாகப் பூசிய சுவரும் மரத்தரையும் நனையும்.

ஆக, மரினா பேயில் பொறியாளர்கள் கையாண்ட ஒரு திட்டம் வீட்டுக்குள் நுழையும்போது கேள்விகள் மாறுகின்றன. எத்தனை விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பதோடு, சுவரில் எவ்வளவு இடம் போகும், தண்ணீர் சொட்டினால் யாரை அழைப்பது, யார் செலவு என்பவையும் சேர்ந்துகொள்கின்றன. இவற்றுக்கு முன்கூட்டியே தெளிவான விடை இருந்தால்தான் பொதுத் திட்டத்தின்மீது நம்பிக்கை வரும்.

தேக்காவில் இது நடக்குமா?

லிட்டில் இந்தியாவுக்கு இதே முறையை அப்படியே கொண்டுவருவது கடினம். அது 1989ல் மரபுடைமைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. கடைவீடுகளின் முகப்பை விருப்பம்போல் மாற்ற முடியாது. சாலைகள் குறுகியவை. நிலத்தடியில் ஏற்கெனவே பலவகைக் குழாய்களும் ரயில் பாதையும் உள்ளன. ஒவ்வொரு கடைவீட்டுக்கும் ஓர் உரிமையாளர், ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வாடகைதாரர். கீழே நகைக்கடை, மேலே தங்குவிடுதி என்றிருந்தால் இருவரின் தேவையும் வேறு.

ஆனால் தெம்பனிஸ் பாணியில் யோசித்தால் வேறு சாத்தியங்கள் தெரியும். பெரிய கடைத்தொகுதிகளும் ஹோட்டல்களும் மருத்துவமனையும் ஒரு சில நிமிட நடைதூரத்தில் உள்ள வட்டாரம் அது. பகலும் இரவும் குளிர் தேவைப்படும் பெரிய கட்டடங்கள் அருகருகே இருப்பது பகிர்வுக்கு ஏற்ற சூழல். சிறிய கடைவீடுகளுக்கு, ஒரு வரிசைக்குச் சேர்த்துப் பொதுவான இயந்திரம் வைப்பதும் வெளிப்பெட்டிகளின் அனல் சந்துக்குள் தேங்காதபடி மேல்நோக்கி விடுவதும் நடைமுறைக்கு நெருக்கமானவை.

இந்த வட்டாரத்தைக் கட்டியவர்கள் மின்சாரம் இல்லாமலேயே வெப்பத்தைக் கையாண்டார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஐந்தடிப் பாதை வெயிலையும் மழையையும் தடுத்தது. வீட்டின் நடுவே இருந்த காற்றுமுற்றம் சூடான காற்றை மேலே அனுப்பியது. சன்னல் பலகைகளின் இடைவெளி வழியே காற்று ஓடியது. பின்னாளில் பல இடங்களில் காற்றுமுற்றங்கள் மூடப்பட்டன. சன்னல்கள் அடைக்கப்பட்டுக் குளிரூட்டிகள் வந்தன.

குளிரூட்டி இல்லாதவர்களின் கணக்கு

சிங்கப்பூரின் வளர்ச்சிக்குக் குளிரூட்டி பெரும் காரணம் என்று முன்னாள் பிரதமர் லீ குவான் யூ பலமுறை கூறியிருக்கிறார். அரசு ஊழியர்களின் அலுவலகங்களில் அதைப் பொருத்துவது பிரதமரானதும் அவர் செய்த முதல் பணிகளில் ஒன்று. ஆனால் அந்தக் குளிர் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஓரறை வாடகை வீட்டில் மின்விசிறியோடு இருக்கும் முதியவர், உணவகச் சமையல்கட்டில் தோசைக்கல் முன் நிற்பவர், கட்டுமானத் தளத்தில் கம்பி கட்டுபவர் ஆகியோருக்கு மற்றவர்களின் குளிரூட்டி தருவது அனலை மட்டும்தான்.

இரவில் நகர மையத்துக்கும் பசுமை மிகுந்த புறப்பகுதிக்கும் இடையே 7 டிகிரி வரை வெப்பநிலை வேறுபாடு ஏற்படலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கான்கிரீட் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல விடுவது இதற்கு முக்கியக் காரணம். வாகனங்களும் குளிரூட்டிகளும் வெளியேற்றும் வெப்பமும் அதில் சேர்கிறது.

ஆகவே குளிர்நீர்க் குழாய் மட்டும் போதாது. தெங்காவில் 5 கிலோமீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் கொண்ட வனப் பாதைக்கு இடம் ஒதுக்கப்பட்டது. தெம்பனிசில் வீவக புளோக்குகளின் வெளிச்சுவரில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் சாயம் சோதித்துப் பார்க்கப்பட்டது. இத்தகைய சாயம் பூசிய இடத்தில் நடப்போருக்கு 1.5 டிகிரி வரை குளிர்ச்சியாக உணர முடிவதை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று கண்டறிந்தது. வெளிப்புறத்தில் கடுமையான உடலுழைப்பில் ஈடுபடும் ஊழியர்களுக்கு, வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த அளவீடு 32 டிகிரியைத் தொட்டால் மணிக்கு 10 நிமிடமாவது நிழலில் ஓய்வு தர வேண்டும் என்று மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் விதித்தது. 33 டிகிரியைத் தொட்டால் அது குறைந்தது 15 நிமிடம்.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

வருங்காலத்தில் மேலும் பல நகர்களில் இத்தகைய முறை அறிமுகமாகலாம். அப்போது ஒரு குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

முதலாவது, நாம் எவ்வளவு பயன்படுத்துவோம்? மூன்று அறைகளில் இரவு முழுவதும் குளிரூட்டி போடும் வீட்டுக்கும், ஓர் அறையில் இரண்டு மணி நேரம் போட்டுவிட்டு மின்விசிறிக்கு மாறும் வீட்டுக்கும் கணக்கு ஒன்றாகாது. விளம்பரத்தில் சொல்லப்படும் சேமிப்பு எந்த அளவு பயன்பாட்டை வைத்துக் கணக்கிடப்பட்டது என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, கட்டணம் எப்படி மாறும்? மின்கட்டணம் ஏறினால் குளிர்நீர்க் கட்டணமும் ஏறுமா? பொதுக் கட்டமைப்பில் சேர்ந்த பிறகு வேறு நிறுவனத்துக்கு மாறுவது எளிதன்று.

மூன்றாவது, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? இடையில் வீட்டை விற்றால் அது யாருக்குப் போகும்?

நான்காவது, பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள்? கூரைமேல் இருக்கும் இயந்திரம் நின்றால் ஒரு வீடல்ல, பல வீடுகள் பாதிக்கப்படும். மாற்று இயந்திரம் தயாராக உள்ளதா என்று கேட்பதில் தவறில்லை.

சொந்தக் குளிரூட்டியைத் தொடர்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒரு சராசரி வீட்டின் மின் பயன்பாட்டில் ஏறத்தாழ கால்பங்கு குளிரூட்டிக்கே போகிறது. வெப்பநிலையை 25 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் போடுவது, வடிகட்டியை அவ்வப்போது கழுவுவது ஆகியவற்றுக்குச் செலவே இல்லை. மாற்றும் காலம் வந்தால் ஐந்து குறி பெற்ற குளிரூட்டியை வாங்க, ‘பருவநிலைக்கு உகந்த குடும்பங்கள்’ திட்டத்தின் பற்றுச்சீட்டுகளைப் பயன்படுத்தலாம். வீவக குடும்பங்களுக்கு 2024ல் $300, 2025ல் மேலும் $100 வழங்கப்பட்டது. 2027 டிசம்பர் 31 வரை அவை செல்லும்.

சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இன்னும் இயற்கை எரிவாயுவிலிருந்தே கிடைக்கிறது. கரிம வரி 2024ல் டன்னுக்கு $25 ஆக இருந்தது. 2026ல் அது $45. எனவே குளிரூட்டுவதில் மிச்சமாகும் ஒவ்வோர் அலகு மின்சாரமும் குடும்பத்தின் கையிருப்பையும் தொடும், தெருவின் வெப்பத்தையும் தொடும்.

புதிய நகரில் வீடு வாங்குபவர்கள் சமையலறை அலமாரியின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். இருபது ஆண்டுக்கு வீட்டைக் குளிர்விக்கப்போவது எது என்ற முடிவுக்கும் அதே பொறுமை தேவை. ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் படித்து, புரியாத இடத்தில் விளக்கம் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.